எத்தனை அடி

சங்ககிரி ரோட்டில்
டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேல்மாடியில்
பதினேழு வருடமாக வெப்சைட் செய்கிறேன்.
ரப்பர் வேகும் வாசம் படியேறி வந்து
கீபோர்டில் உட்காரும்.
திருச்செங்கோட்டில் தொழில் என்றால்
பாதிக்குப் பாதி போர்வெல்காரர்கள்தான்.
ரிக் வண்டி ராய்ச்சூரில் நிற்கும், ராய்ப்பூரில் நிற்கும்.
பேர்ப்பலகை மட்டும் ஊரில்.

முதல் ஆளாக வந்தவர் நாச்சிமுத்து.
"அம்மணி, அடிக்கு எவ்வளவுங்க?"
பக்கத்துக்கு இவ்வளவு என்றேன்.
"சரிங்க, ஒரு பக்கம் எத்தனை அடி வரும்?"
அன்றைக்குச் சிரித்துவிட்டேன்.
இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை
வேறு யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஐந்து பக்கம்.
மேலே மஞ்சள் எழுத்து ஓடியது, ரிக் படம் ஆடியது.
கருப்புக் கட்டத்தில் வந்தவர் எண்ணிக்கை.
அதை ஒன்றில் தொடங்க மனசு வராமல்
4,316-இல் தொடங்கினேன்.
பொய்தான்.
அந்தப் பொய் ஒரு கட்டத்துக்குள் அடங்கிக் கிடந்தது.

நாலாம் பக்கம் ஓர் அட்டவணை. அவர் பிடிவாதம்.
ஊர், அடி, தண்ணீர் எத்தனை இன்ச்.
எழுநூற்று ஐம்பது அடி, இரண்டு இன்ச்.
தொள்ளாயிரத்து இருபது அடி, இல்லை.
ஆயிரத்து நூறு அடி, இல்லை.
"இல்லையை எதுக்குங்க போடணும்?"
"காசு வாங்கினேனுங்களே அம்மணி, அதுக்கும்."
என் கையால் செய்ததில்
அதுதான் ஆக அசிங்கமான பக்கம்.

ஒவ்வொரு பக்கமும் ஒரு கோட்டில் முடியும்.
கோட்டுக்குக் கீழே விலாசம், இரண்டு செல் நம்பர்,
பொடி எழுத்தில் 'வடிவமைப்பு: சுகுணா'.
அடி என்பேன் அதை.
அங்கே வந்ததும் விரல் நிற்கும்.
ஆள் எழுந்து டீ குடிக்கப் போவான்.

அடியில்லாத பக்கமும் செய்திருக்கிறேன், மறைக்கவில்லை.
ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு.
பெரிய வித்தையில்லை.
விரல் கீழே வந்து சேரும் முன்
கீழை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிவிட வேண்டும்,
அவ்வளவுதான்.
முழுப் பணமும் வாங்கினேன்.
இரவு ஒன்றரைக்கு என் கட்டைவிரலே
யாரோ ஒருவரின் கல்யாண மேக்கப்பில்
துளை போட்டுக்கொண்டிருக்கும்.
அப்போது ஞாபகம் வரும், அந்தப் பணம்.

போன மாதம் மகன் வந்தான், கவின்ராஜ்.
"சைட்டு ரினீவல் வேணாங்க்கா.
ரீல்ஸ் போதும்."
காட்டினான்.
குழாய் வாயிலிருந்து வெள்ளையாய்ப் பீச்சுகிறது,
ஒருத்தர் நனைந்துகொண்டே கும்பிடுகிறார்,
பின்னால் பாட்டு.
பதினொரு லட்சம் பேர்.
நல்லாத்தான் இருந்தது, இரண்டு தடவை பார்த்தேன்.
"புழுதி மட்டும் வந்த போரெல்லாம்?"
"அதை யாருங்க்கா பார்ப்பா?"
அவன் சொன்னதில் தப்பில்லை.

இன்னும் பத்தொன்பது நாளில் சைட் அணையும்.
யார்தான் வந்து போகிறார்கள் என்று பார்க்க
சர்வர் பதிவைத் திறந்தேன்.
மனுஷர் குறைவு.
விடியற்காலை மூன்று மணிக்கு ஏதோ ஓர் இயந்திரம்,
மூன்று நாற்பதுக்கு இன்னொன்று.
ரிக் படத்தைச் சீண்டவில்லை,
ஓடும் எழுத்துக்கு நிற்கவில்லை.
நேராக நாலாம் பக்கம்.
இல்லை, இல்லை, இல்லை என்று
வரி தவறாமல் வாசித்துவிட்டுப் போயிருக்கிறது.

நாளைக்கு யாரோ அதனிடம் கேட்கலாம்,
எங்கள் பக்கம் தண்ணீர் எத்தனை அடியில் என்று.
ஆயிரத்து நூறின் இல்லையைச் சொல்லுமா,
பீச்சுவதை மட்டும் சொல்லுமா?
எனக்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்த தொழில் பக்கம் போடுவது.

கீழே கடையைச் சாத்திவிட்டார்கள்.
கருப்புக் கட்டத்தில் 31,902.
அதில் 4,315-ஐக் கழித்து
27,587 என்று போட்டு
சேமித்தேன்.